அம்மன் பாட்டு அட்டைக்குள் இருந்த கேசட்

ஆடி 29, புதன்

காற்று. வாசலை மூன்று தடவை பெருக்கியும் மண். காயப்போட்ட வத்தலில் பாதி பக்கத்து வீட்டு மாடியில். கேட்டால் தங்களுடையது என்பார்கள். போன வருடமும் அப்படித்தான் சொன்னார்கள், நான் மறக்கவில்லை.

அபி வந்திருக்கிறாள். மகள் வயிற்றுப் பேத்தி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு கொட்டு அடிக்கிற வேலை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வா வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. கூட்டமெல்லாம் கலைந்தபின் வருகிறாள். தலையில் ஒரு பக்கம் மழிப்பு, ஒரு பக்கம் முடி.

"என்னட்டி இது, பாதி மொட்டை? நேர்ச்சையா?"

"ஸ்டைல் ஆச்சி."

கொண்டு வந்தது: துணிப் பை ஒன்று. இரண்டு கேசட் சேர்ந்தாற்போல் போடுகிற பழைய டேப் ரிக்கார்டர் ஒன்று, மதுரையில் தேடிப் பிடித்தாளாம். எனக்கு ஒரு சேலை, பாசி நிறம். எனக்குப் பாசி ஆகாது என்று அவள் அம்மாவுக்குத் தெரியும். சொல்லி அனுப்பவில்லை.

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது, பழசு. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு இது போதும். பின்னால் யாரும் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதிக்கக்கூடாது. அதற்குத்தான் எழுதுவது.

ஆடி 30, வியாழன்

காற்று. மின்சாரம் போய்ப் போய் வந்தது.

அபி காலையில் தெருத் தெருவாகப் போய், பழைய கேசட் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். மானம் போயிற்று. பின்வீட்டுக்காரி வந்து, "ஒங்க பேத்தி பழைய இரும்பு ஏவாரம் ஆரம்பிச்சுட்டாளா?" என்கிறாள். அவள் மருமகன் எதற்காக வேலையை விட்டான் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வைத்திருக்கிறேன்.

அபியிடம் கேட்டேன்.

"எல்லாப் பாட்டும் போன்ல கெடக்கேட்டி. எவன் கேசட் கேக்கான்?"

"எங்க ஆளுக கேப்பாங்க ஆச்சி. கராஜ் பங்க் கேக்கவங்க."

"அப்படின்னா?"

"கார் நிறுத்துற ஷெட்டுல நாலு பேரு சேந்து கத்துறது."

ஒளிக்காமல் சொன்னாள். அது பிடித்தது.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். போனில் இருப்பது எல்லாருக்கும் ஒன்றே. கேசட் அப்படி இல்லை. கையில் பிடிக்கலாம், இரையும், இழுக்கும், நடுவில் தாண்டிப் போக முடியாது, உட்கார்ந்து கேட்டாக வேண்டும். சில பேர் அதையும் ஒதுக்கிவிட்டு அந்தக் காலத்து இசைத்தட்டு, கறுப்புத் தட்டுதான் வேண்டும் என்பார்களாம். இவர்கள் குழு புதுக் கேசட் வாங்குவதில்லை. பழைய கேசட்டின் மேலேயே பதிவது. இவர்கள் பாட்டு ஒரு பக்கத்துக்குப் பதினோரு நிமிடம். அது முடிந்ததும், அந்தக் கேசட்டில் முன்னால் என்ன இருந்ததோ அதன் மிச்சம் கேட்கும்.

"கல்யாண வீட்டுப் பேச்சு, மேளம், என்ன வேணா வரும் ஆச்சி. ஒண்ணு மாரி ஒண்ணு இருக்காது. அதுக்குத்தான் உயிர விடுதாங்க."

"நீ கேட்டுப் பாத்துட்டுப் பதிவியா?"

"கேக்கவே மாட்டோம். அதுதான் விசேஷம்."

பாட்டைப் போட்டுக் காட்டினாள். தறிக்கூடத்துக்குள் நின்று சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. யாரோ ஒருத்தி வீட்டுக்காரனை வைகிறாள். நன்றாகத்தான் வைகிறாள்.

மொத்தம் ஐம்பத்து மூன்று கேசட் சேர்த்திருக்கிறாள். எந்த வீட்டிலிருந்து என்று கேட்டேன். "எல்லா வீட்லயும்தான்" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆடி 31, வெள்ளி

கோவிலுக்குப் போகவில்லை. முழங்கால்.

அபிக்கு உதவி. கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் சில்லு உண்டு. அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் பதியாது. மறுபடி பதிய வேண்டுமானால் அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்ட வேண்டும். அபிக்குத் தெரியவில்லை. பதியவில்லை, பதியவில்லை என்று டேப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் காட்டிக்கொடுத்தேன்.

"ஆச்சி, நீங்க எங்க பேண்டுல சேந்துருங்க."

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் மகன் ஆவுடையப்பன். மஸ்கட்டில் இருந்தான். எழுத அவனுக்குச் சோம்பல், வாசிக்க எனக்குத் திணறல். அப்போது அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவது. நாங்கள் கேட்டுவிட்டு அதே கேசட்டில் பேசித் திருப்பி அனுப்புவோம். சில்லு உடைந்திருந்தால் ஒட்டுவோம்.

எங்கள் வீட்டில் டேப் கிடையாது. மேலத்தெருக்காரி வீட்டில்தான் இருந்தது. என் வீட்டுக்காரரின் தங்கை. பேரை எழுத மாட்டேன். கேசட் எல்லாம் அவள் வீட்டுக்குத்தான் வரும். நாங்கள் போய்ச் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

கடைசிக் கேசட்டை மட்டும் அவள் எங்களுக்குப் போடவில்லை. அது வந்த மூன்றாம் மாதம் அவன் லாரியில் அடிபட்டுப் போனான். பதினாறாம் நாள், பந்தியில் ஆட்கள் இருக்கும்போது சொன்னாள்: "நீ வாயத் தொறந்ததுக்குத்தான் அவன் ஊருக்கு வரலன்னான். கேசட்டுல சொல்லிருக்கான்." போடு கேட்போம் என்றேன். "போட மாட்டேன்" என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை, சாவு வீட்டில்.

இருபத்தொன்பது வருடம். அவள் வாசலை நான் மிதிக்கவில்லை. பொய் என்றுதான் சொல்லி வருகிறேன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் வரவில்லை. அந்தக் கேசட் ஒரு நாள் என் காதில் விழுந்தால் போதும், பந்தியில் சொன்னதற்குப் பந்தியில் வைத்தே பதில் சொல்வேன்.

அவள் 'வாய்' என்று சொன்னது மேலநீலிதநல்லூர்ப் பிள்ளை விஷயம். ஆவுடையப்பன் கட்டிக்கொள்கிறேன் என்ற பிள்ளை. பஸ் ஸ்டாப்பில் வைத்து அவளிடம் கேட்டேன். ஒரு தாய் கேட்பதைத்தான் கேட்டேன். ஊதாத் தாவணி. நான் பேசி முடிப்பதற்குள் இரண்டு பஸ் வந்து போயிற்று, அவ்வளவு நேரம்தான்.

இன்றைக்கு ஒட்டியது முப்பது கேசட். மிச்சம் நாளைக்கு.

ஆவணி 3, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. காற்று இல்லை.

கேசட் எல்லாம் பதிந்து, உறை போட்டு, தபால் ஆபீஸ். அட்டைகளை வீசிவிட்டாள், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு அட்டை. ஜெர்மனி, ஜப்பான், மெக்சிகோ, கொச்சி, இன்னும் வாயில் வராத ஊர்கள். கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாக எடை போட்டு, "உள்ள என்னம்மா?" என்றாள்.

"கேசட்டு."

"பாட்டுக் கேசட்டா? இப்பமா?" சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்ற அண்ணாச்சி, "எங்க வீட்ல ஒரு சாக்கு கெடக்கு, அதையும் ஜப்பானுக்கு அனுப்புதியளா?" என்றார். அபி அவர் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கிவிட்டாள்.

சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள். வீடு வெறும் வீடு. பாசிச் சேலையைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

ஆவணி 12, புதன்

ஆவுடையப்பன் திதி. ஐயருக்கு அரிசி, வாழைக்காய், பூசணி. காக்கா உடனே வந்தது.

பதினோரு மணிக்கு மேலத்தெருக்காரியின் மருமகள் லதா வாசலில். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

"பெரியத்த, அபி போயிட்டாளா? எங்கிட்ட வாங்கிட்டுப் போன கேசட்ல ஒண்ணு திரும்ப வேணும்."

"உங்கிட்டயா வாங்குனா?"

"பிஸ்கட் பெட்டி நெறையக் குடுத்தேன். ஒங்கட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை.

"அத்த காலைலேருந்து ஒரே சத்தம். அம்மன் பாட்டுக் கேசட்டு எங்கங்காவ. வருசத்துல இந்த ஒரு நாளு கதவச் சாத்திட்டு அதக் கேப்பாவ, பக்திதான்னு நெனச்சேன். இன்னைக்குத்தான் சொல்லுதாவ, அட்டைதான் அம்மன் பாட்டு, உள்ள என் மருமகன் ஆவுடை குரல்லாட்டி கெடந்துதுன்னு. நேத்துச் சொன்னது அவியளுக்கு நெனப்பில்ல இப்பல்லாம். இத மட்டும் விட மாட்டேங்காவ."

எப்படி இருக்கும் அந்தக் கேசட் என்று கேட்டேன்.

"வெள்ளக் கேசட்டு. மேல செவப்பு நகப் பூச்சு வச்சு ஒரு பொட்டு வச்சிருப்பாவ. யாரும் மேல பதிஞ்சிரக் கூடாதுன்னு பின்னால ஒடச்சிட்டாவளாம்."

ஆடி 31, சாயங்காலம், இருபத்து மூன்றாவதாக எடுத்தேன். வெள்ளை. பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன், அழுக்கு என்று நினைத்து. பின்னால் இரண்டு ஓட்டை. இரண்டிலும் செலோடேப் ஒட்டினேன். ஓரத்தைப் பல்லால் கடித்தேன், கத்தரிக்கோல் அபியிடம் இருந்தது.

லதாவிடம் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன்.

சோறு காக்கா தின்றதோடு சரி.

ஆவணி 13, வியாழன்

அபிக்குப் போன். சொன்னேன்.

"கோமதி ஆச்சி வீட்டுதுன்னு சொன்னா எல்லாத்தையும் தூக்கித் தெருவுல போடுவிய. அதான் சொல்லல ஆச்சி."

போட்டிருப்பேன். அது நிஜம்.

"மாமா குரல் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒனக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியணும். என் கையாலதான ஒட்டுனேன்."

கேசட் எல்லாம் ஒரே அட்டை. எது யாருக்குப் போனது என்று அவளிடம் கணக்கு இல்லை. வாங்கினவர்கள் எல்லாருக்கும் செய்தி போடுகிறாளாம்: எங்கள் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஆம்பிளைக் குரல் தமிழில் பேசினால் உடனே அனுப்புங்கள். பதினோரு நிமிடம் போனது போனதுதான். அதற்கப்புறம் இருந்தால் உண்டு.

அவன் எவ்வளவு நேரம் பேசினான் என்பது மேலத்தெருக்காரிக்கு மட்டும்தான் தெரியும்.

ஆவணி 27, வியாழன்

புழுக்கம். இட்லி மாவு பொங்கி வழிந்தது.

வெளிநாட்டுக்காரர்கள் பதில் போடுகிறார்கள். அபி போனில் அனுப்ப அனுப்பக் கேட்கிறேன். ஒவ்வொருத்தனும் தன்னிடம் இருப்பதுதான் உசத்தி என்கிறானாம்.

ஜப்பான்: நாதஸ்வரம். நம்ம கோவில் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு.

மெக்சிகோ: ரேடியோவில் நெல்லுக்குப் பூச்சி மருந்து எப்போது அடிக்க வேண்டும் என்று ஒருவர் விளக்குகிறார். அந்தப் பிள்ளை அதை இரண்டு முறை கேட்டு அழுதாளாம். எதற்கு?

ஜெர்மனி: ஒரு பெண் குழந்தை நிலா நிலா சொல்கிறது. அது ஸ்டவ் கடைக்காரர் மகள். 'ல' வராது, இன்றைக்கும் வராது. பேரன் எடுத்துவிட்டாள்.

கொச்சி: ஒப்பாரி. இந்தப் பாடகி யார், வேறு கேசட் உண்டா என்று கேட்கிறானாம். யார் செத்ததற்கு, யார் அழுதது, அவள் அழ வந்ததே எதற்கு என்பதுவரை எனக்குத் தெரியும். அபியிடம் சொன்னேன். சிரித்தாள். நானும். பிறகு இருவரும் நிறுத்திவிட்டோம்.

இருபத்தெட்டுப் பேர் சொல்லியாயிற்று. ஆவுடையப்பன் இல்லை. அழிந்தே போயிருக்கும். எனக்கு அப்படித்தான் படுகிறது.

புரட்டாசி 3, வியாழன்

மேகம். மழை இல்லை.

வந்துவிட்டது. பின்லாந்து என்ற ஊர். பனி அள்ளுகிற வண்டி ஓட்டுபவனாம். நாலு நிமிடம் பத்து விநாடி.

கதவைச் சாத்திக்கொண்டேன். அபியின் கொட்டு டம் டம் என்று நிற்கிறது. உடனே அவன். பேச்சின் நடுவிலிருந்து. சளி பிடித்த குரல்.

அவன் சொன்னது, சொன்னபடியே:

"அப்படித்தான் அத்த. சிவகிரிக்காரன் ஒருத்தன் ரூம்ல இருக்கான், அவன்தான் சமையலு. ரசம் வைப்பான் பாருங்க, வண்டி கழுவலாம்." சிரிக்கிறான். "இங்கன வெயிலு மண்டையப் பொளக்கு. அத்த, இந்தக் கேசட்ட அம்மைட்ட போட்டுக் காட்டிராதிய. லீவு கெடைக்கலன்னு சொல்லிருங்க. லீவு இருக்கு. நான்தான் வரல. வந்தா அம்ம மூஞ்சியப் பாக்கணும்லா. பஸ் ஸ்டாப்புல வச்சு அந்தப் பிள்ளைய என்னல்லாம் சொன்னாள்னு அம்மைக்கு ஒரு வார்த்த விடாம ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கு. அந்தப் பிள்ளையே வந்து எங்கிட்டச் சொல்லிட்டு அழுதா. அதான் வரல."

அப்புறம் இருமுகிறான். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வாரேம்ல இரு என்கிறான். சீப்புச் சீடை கேட்கிறான். முறுக்கு வேண்டாமாம், வருவதற்குள் நொறுங்கிவிடுமாம். பாதி வார்த்தையில் டேப் முடிகிறது.

நாலு தடவை கேட்டேன்.

கோமதி பொய் சொல்லவில்லை.

எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கிறதே. பஸ் ஸ்டாப்பில் சொன்னதையும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வார்த்தை எழுதி அடித்தேன். நன்றாக அடித்தேன், படிக்க முடியாது.

புரட்டாசி 5, சனி

பெருமாள் சனி. வடை சுடவில்லை.

அபி போன். பின்லாந்துக்காரனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து கறுப்புத் தட்டு போடுகிறவர்களாம். இவர்கள் பாட்டைத் தட்டாகப் போட வேண்டும், கடைசியில் அந்தக் குரல் அப்படியே வர வேண்டும் என்று கேட்கிறார்களாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கிறதாம். வண்டியில் போகும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்கிறானாம்.

"என்ன பேசுதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது ஆச்சி. நான் சொல்லல."

"தட்டுல போட்டா, அது மேல வேற பதிய முடியுமாட்டி?"

"முடியாது. தட்டுல ஒரு தடவ வெட்டுனா வெட்டுனதுதான். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருதேன் ஆச்சி. அம்மாவும் வேண்டாங்கா."

அவள் அம்மா எப்போது அவனுக்காகப் பேசினாள், இப்போது பேச. அவன் பிணம் வந்த அன்று மாப்பிள்ளைக்குக் காப்பி இல்லை என்று முறைத்தவள்.

போடட்டும் என்றேன். அவன் முழுப் பேரும் போட வேண்டும். எழுத்துப் பிழை இல்லாமல்.

புரட்டாசி 6, ஞாயிறு

மேலத்தெருவுக்குப் போனேன். பாசிச் சேலை, வேறு துவைத்தது இல்லை. தெருவில் இரண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். யார் யார் என்று குறித்துக்கொண்டேன்.

கோமதி கட்டிலில். வற்றிப் போய்விட்டாள். காதில் தோடு இல்லை.

"யாரு?"

"நான்தான்."

"மதினியா? வா, உக்காரு. வெயில்லயா வந்த?" நேற்றும் வந்துபோனவளிடம் கேட்பது மாதிரி.

என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். அதை விட்டுவிட்டுப் போனை அவள் காதில் வைத்துப் போட்டேன். கொட்டுச் சத்தத்துக்கு முகம் சுளித்தாள். அவன் குரல் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரசத்துக்கு, அவனுக்கு முன்னாலேயே சிரித்தாள். அம்மைட்ட போட்டுக் காட்டிராதிய என்று வரும்போது என்னைப் பார்த்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை.

முடிந்ததும் சொன்னாள்: "இது பின்னால உள்ளதுல்லா. முன்னால உள்ளத எங்க?"

"அழிஞ்சு போச்சு. நான்தான் அழிச்சேன்."

"அய்யோ. அதுல்லா நல்லாருக்கும். முதல்ல ஒன்னப் பத்தித்தான பேசுவான்."

"என்னப் பத்தியா?"

"ஆமா. நல்ல விதமாத்தான். அதக் கேட்டுட்டு நான் அழுவேன்லா, வருசா வருசம்."

"என்ன சொன்னான் கோமதி?"

நெற்றியைத் தேய்த்தாள். கட்டில் சட்டத்தைத் தட்டினாள். லதா தண்ணீர் கொண்டு வந்தாள், குடித்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாய்க்குள்ள நிக்கி மதினி. வர மாட்டேங்கு."

"யோசிச்சுச் சொல்லு."

"என்னமோ சொன்னான். நல்லதுதான்."

ஒரு மணி நேரம் இருந்தேன். பதினோரு நிமிடம் அபி கொட்டுக்கு அடியில் கிடக்கிறது. அதை மீட்க முடியாது என்று அபி முதல் நாளே சொல்லிவிட்டாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது, அப்படியே சொன்னாள்.

புரட்டாசி 7, திங்கள்

தூறல். மறுபடி போனேன். சீப்புச் சீடை வாங்கிக்கொண்டு. கோமதிக்குப் பல் இல்லை, சப்பித் தின்றாள்.

கேட்டேன்.

"சேலை பத்தி என்னமோ சொன்னான்" என்றாள். பிறகு, "இல்ல, அது எங்க வீட்டுக்காரரு சொன்னது" என்றாள்.

லதா என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தாள். "போட்டு அலட்டாதிய பெரியத்த. ராத்திரி ஒறங்கவே இல்ல. நீங்க கேட்டத யோசிச்சிக்கிட்டே இருந்தாவ."

யோசிக்கட்டும்.

புரட்டாசி 8, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. தெருவெல்லாம் சகதி. போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"ஆவுடை எப்ப மதினி வாரான்?"

லதா அடுப்படியில் இருந்தாள். வேறு யாரும் இல்லை.

லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.